கழுவாமல் வந்த பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை க்ளினிக்கைச் சுத்தம் செய்தோம். ஆயுத பூஜை வருகிறதல்லவா? வருடத்துக்கு ஒரு நாள்தான் எங்கள் மருந்து ரூமின் பரண் வெளிச்சம் பார்க்கும். பழைய எடை மெஷின், கால் உடைந்த ஸ்டூல், மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டர்கள்... எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சாக்கு மூட்டை.

கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மெக்கானிக் கரீம் பாய் கட்டிய மூட்டை. பங்குனியில் கொண்டுவந்து வைத்தது வைத்தபடியே கிடந்தது. இத்தனை மாதமும் நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிறன்று பிரித்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “பிரஷர் பாக்கட்டுங்களா டாக்டரம்மா?” என்று நர்ஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும் — சித்திரை மாதம் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நான் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? என் ஜப்பான் காரிலிருந்து கம்ப்யூட்டரைப் பிடுங்கி எறிந்த கதை? கட்டுக்கட்டாகக் கடிதம் போட்டீர்கள். ‘எங்கள் பேங்கிலும் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்களாம், வந்து பிடுங்கிக் கொடுங்கள் டாக்டர்’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் படித்துப் படித்துச் சிரித்தேன்.

அன்று எழுதியதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இன்று எழுதுகிறேன். சந்தோஷமான வேலை இல்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு — நான் பாப்பிரெட்டிப்பட்டியில் பிரசவம் பார்க்கிற டாக்டர். வியாழக்கிழமைதோறும் சித்தேரி மலைக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருவேன். கார் அதற்குத்தான். அண்ணன் துபாயிலிருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த கார். மறுபடியும் துபாய்க்கே கிளம்பியபோது என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காரில் கார்பரேட்டர் கிடையாது. என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் ஸ்பார்க் — எல்லாவற்றையும் ஓர் அலுமினியப் பெட்டி முடிவு செய்யும். டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிது. டாஷ்போர்டுக்குக் கீழே, இடது பக்கம், கால் வைக்கிற இடத்தில் இருக்கும். அண்ணன் குனிந்து காட்டிவிட்டுச் சொன்னார்: “இதுதான் கம்ப்யூட்டர். வண்டிக்கு மூளை. யாரும் கை வைக்காதீங்க.”

யாரும் கை வைக்கவில்லை என்றுதான் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தை மாதம். பொங்கல் முடிந்த அடுத்த வியாழன். காலையில் என் டிரைவர் மாதையன் வந்து நின்றார். எட்டு வருடமாக என்னிடம் வண்டி ஓட்டியவர். “வண்டி நடுங்குதுங்கம்மா. ரெண்டு நாளா ஸ்டார்ட் ஆவறதுக்கு அடம் புடிக்குது. இன்னிக்கு தருமபுரில காட்டிட்டு மலைக்கு நாளைக்குப் போலாங்களா?”

“வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமை. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. எடு வண்டியை.”

இந்த இரண்டு வரியை நான் சித்திரையில் எழுதவில்லை.

மலையில் அலமேலு காத்துக்கொண்டிருந்தாள். அலமேலு என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயது. தலைப்பிரசவம். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து வலி. தொட்டுப் பார்த்தேன் — குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்யாமல் வெளியே வராது. குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். குழந்தையின் இதயம் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. நேரத்தில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இரண்டு உயிரும் தப்பிக்கும். அலமேலுவையும் அவள் மாமியாரையும் பின்சீட்டில் ஏற்றினேன். மணி பதினொன்று.

பாதி வழியில் வண்டி நின்றது. இறக்கமாக இருந்தால் உருட்டிக்கொண்டே போயிருக்கலாம். மலைப்பாதை முழுக்க இறக்கமாகவா இருக்கும்? நின்றது ஓர் ஏற்றத்தில்.

மாதையன் பானெட்டைத் திறந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். என் பழைய கார் நின்றால் அவர் கை சும்மா இருக்காது. ஊதுவார், தேய்ப்பார், எதையாவது கழற்றி மாட்டுவார். அன்று கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றார். “ஏதாவது பண்ணு மாதையா!” என்று கத்தினேன். “இதுல தொடறதுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா” என்றார்.

பிறகு வந்த வழியே திரும்பி ஓடினார், வேறு வண்டி கிடைக்குமா என்று பார்க்க. கிடைக்கவில்லை. ஒரு மணிக்கு மலை பஸ் வந்தது. அலமேலுவைத் தூக்கி பஸ்ஸில் படுக்க வைத்தோம். பஸ்ஸின் ஆட்டத்தில் குழலை வைத்து வைத்துக் கேட்டேன். வைக்கிற இடத்தை மாற்றி மாற்றிக் கேட்டேன்.

அலமேலுவை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. குழந்தை ஆண்.

எனக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று என் வாசகர்களுக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்க, மாதையனிடம் சொன்னேன்: “கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்த இல்ல? நாளையிலிருந்து வராதே.” அவர் சாவியை என் கையில் கொடுக்காமல் அங்கிருந்த பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்து காரின் மேல் பாய்ந்தேன். தருமபுரியில் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாயிடம் இழுத்துக்கொண்டு போய் விட்டேன். “அந்தக் கம்ப்யூட்டர் இனி என் வண்டியில இருக்கக் கூடாது பாய்.”

பாய் இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சொன்னார்: “அதோட பாஷை எனக்குத் தெரியாதுங்க டாக்டரம்மா. அதப் பேச வெக்க என்னால ஆவாது. ஆனா அது இல்லாம ஓட வெக்கலாம்.”

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அம்பாசிடர் கார்பரேட்டர் ஒன்றைப் பிடித்தார். அது இந்த என்ஜினில் உட்கார வேண்டுமே? லேத்தில் கொடுத்து நடுவில் ஒரு தகடு செய்தார். பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருந்த நாலு ஊசிகளையும் எடுத்துவிட்டு ஓட்டைகளை அடைத்தார். ஸ்பார்க் கொடுக்க, பாயிண்ட், கண்டன்சர் வைத்த பழைய மாதிரி டிஸ்ட்ரிபியூட்டரை, தண்டைச் சீவி, அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தினார். முதல் தடவை சாவியைத் திருப்பியபோது கார்பரேட்டர் பொங்கி வழிந்தது. பழைய பம்ப் அவ்வளவு வேகத்தில் பெட்ரோலைத் தள்ளியது. பம்பையும் மாற்றினார். பங்குனியில் ஒரு மத்தியானம், சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார். வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

பழைய பவிசு இல்லை. பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிறது. ஏற்றத்தில் முனகுகிறது. ஆனால் நின்றால் ஏன் நின்றது என்று கண்ணால் பார்க்கலாம். “பாயிண்ட் கறுத்துப்போனா உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. போஸ்ட் கார்டு கனத்துக்கு சந்து வெய்யுங்க. நீங்களே செய்யலாம்” என்றார் பாய். செய்கிறேன். இன்றுவரை நானேதான் ஓட்டுகிறேன்.

கரீம் பாய் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சாமான் ஓர் ஆணி பாக்கி இல்லாமல் வண்டிக்காரர் கைக்கே திரும்பி வரும். அதுவும் சும்மா இல்லை. பெட்ரோலில் கழுவி, துணியால் துடைத்து, சாக்கில் கட்டித் தருவார். “நாளைக்கு பாய் எதையோ எடுத்துக்கிட்டான்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.” அந்த மூட்டைதான் பரணில் கிடந்தது. நானோ வெற்றிக் களிப்பில் சித்திரையில் அந்தப் பத்தியை எழுதினேன். கம்ப்யூட்டரைக் கிழித்தேன். நடுவில், போகிற போக்கில், ‘கையைக் கட்டிக்கொண்டு நின்ற அலட்சியமான டிரைவர்’ என்றும் ஒரு வரி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

மூட்டையைத் தரையில் கொட்டினேன். நாலு ஊசிகளும் செய்தித்தாளில் சுற்றி, பளபளவென்று. பழைய பம்ப், பளபளவென்று. மூடிகள், நட்டு, போல்ட், எல்லாமே நேற்று வாங்கியதைப் போல. ஒன்றே ஒன்று மட்டும் அழுக்கு. அந்தப் பெட்டி.

வயர்கள் வந்து சொருகுகிற ப்ளக் பெட்டியோடு ஒட்டியே இருந்தது. வயர்களை வெட்டி, அதை அப்படியே விட்டிருந்தார். பிடித்து இழுத்தேன். உள்ளே பித்தளை ஊசிகள் வரிசையாக. பச்சைக் களிம்பு ஏறி, இரண்டு ஊசிகள் அரித்து உதிர்ந்தே போயிருந்தன. ப்ளக்கின் மேலே மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

சந்தனம். குங்குமம்.

வைத்தது யார் என்று நான் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

போன வருட ஆயுத பூஜை. ஸ்டெதாஸ்கோப், ஆயுதப் பெட்டி, எடை மெஷின் — என் வேலைக்கு உதவும் எதையும் நான் விடமாட்டேன், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. காருக்கு வந்தேன். ஸ்டியரிங்குக்கு வைத்தேன், பானெட்டுக்கு வைத்தேன். மூளையை மட்டும் எப்படி விடுவது? குனிந்து, கையை உள்ளே விட்டு, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். பெட்டிக்கு முகம் எது, முதுகு எது என்று எனக்கென்ன தெரியும்? வயர் எல்லாம் வந்து சேருகிற பக்கம்தான் முகம் என்று நினைத்துக்கொண்டேன். ஈரச் சந்தனம் உள்ளே இறங்கி, மூன்று மாதம் ஊசிகளைத் தின்று, தை மாதம் அந்த ஏற்றத்தில் தன் வேலையை முடித்திருக்கிறது.

திங்கட்கிழமை கரீம் பாயிடம் போனேன். பெட்டியை அவர் மேஜை மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியுமா பாய்?”

“கழட்டுன அன்னிக்கே தெரியுங்க.”

“ஏன் சொல்லலை?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சாமிக்கு வெச்ச சந்தனத்தால வண்டி நின்னுச்சுன்னு நான் எப்படிங்க சொல்றது? நான் பாயுங்க... அதுமில்லாம, டிரைவருதான் வெச்சிருப்பாருன்னு நெனச்சேன். அன்னிக்கு நீங்க இருந்த கோவத்துல, இது தெரிஞ்சா அந்தாள என்ன பண்ணுவீங்களோன்னு பயமாப் போச்சு.”

“நான்தான் பாய் வெச்சேன்.”

பாய் கை துடைத்த துணியைக் கீழே வைத்தார். “மத்ததெல்லாம் கழுவுனேன். அத மட்டும் கழுவலைங்க டாக்டரம்மா. வாயால சொல்ல முடியல. மூட்டையப் பிரிச்சா நீங்களே பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்.”

ஏழு மாதம் நான் பிரிக்கவில்லை.

“தொடச்சு மாட்டியிருந்தா ஓடியிருக்குமா?”

“அன்னிக்கு ஓடியிருக்கலாங்க. ஊசி அரிச்சுப்போச்சு, மறுக்கா எங்கயாச்சும் நிக்கும். கார்பரேட்டர் போட்டது தப்பில்லைங்க.” பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, சொன்னார்: “இந்த வருசம் கார்பரேட்டருக்கு எங்க வேணாலும் சந்தனம் வெய்யுங்க. அது தாங்கும்.”

செவ்வாய்க்கிழமை மாரண்டஹள்ளிக்குப் போனேன். மாதையனுக்குச் சொந்த ஊர் அது. இப்போது அங்கே தக்காளி வேன் ஓட்டுகிறார். சந்தையில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். “சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பேனுங்களே!”

எட்டு வருடம் ‘வா, போ’ என்றே பேசிப் பழகிய வாய். அன்று, “இப்படி வந்து உட்காருங்க மாதையா” என்று வந்தது. அதற்கே அவர் பயந்துவிட்டார். யார் செத்துப்போனது என்று கேட்கிற முகம்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைக் காட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் பேசியதற்கும், பத்தியில் எழுதியதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தட்டு புடிச்சுக்கிட்டு நின்னது நானுங்களே” என்றார் மெதுவாக. “இன்னுங்கொஞ்சம் வெய்யுங்கம்மா, மூளைக்கு வெச்சா நல்லதுன்னு சொன்னதே நான்தானுங்க.”

என் பழியில் பங்கு கேட்கிற மனுஷன்! எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தையில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், நாலு பேர் பார்க்க அழுதேன். அவரைத் திட்டியதும் நாலு பேர் பார்க்கத்தானே?

“நீங்க எழுதுனத இங்க டீக்கடையில படிச்சாங்கம்மா” என்றார். “எம் பேரு போடலீங்க. ஆனா எல்லாருக்கும் தெரியுமில்லீங்களா... எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு ரெண்டு நாளு வூட்டுலயே கெடந்துச்சு.” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?”

“எந்தப் புள்ளை?”

“அலமேலுங்க.”

சொல்லவில்லை. வாராவாரம் மலைக்குப் போகிறேன். அலமேலு வருவதே இல்லை. நானும் விசாரித்ததில்லை. விசாரிக்கப் பயம்.

“நான் மாசியில ஒருக்கா, ஆடியில ஒருக்கா போயிப் பாத்தேனுங்க. மனசு கேக்கல. அவ இப்ப புருசன் வூட்டுல இல்லீங்கம்மா. ராசியில்லாதவ, அவ ஏறுனதுனாலதான் ஓடுற வண்டியே நின்னுபோச்சுன்னு சொல்லித் தாயி வூட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. மாமியா நேர்ல பாத்தவங்களாச்சே, ஊரே நம்புது. அந்தப் புள்ளையும் நம்புதுங்க. என்னாலதானேங்க அண்ணா வண்டி நின்னுச்சுன்னு எங்கிட்டயே கேட்டுச்சு. எனக்கு என்ன பதிலு சொல்றதுன்னு தெரியல. அப்ப தெரியாதுங்களே.”

வேனை எடுக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அவர் போனார்.

மாரண்டஹள்ளியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்த மாமியாரைத் திட்டிக்கொண்டே வந்தேன். படிப்பில்லாத மனுஷி, மூடநம்பிக்கை, அது இது என்று. பாலக்கோடு தாண்டியதும் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த அம்மாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வண்டி நின்றது. ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் மருமகளைப் பிடித்தார், நான் டிரைவரைப் பிடித்தேன். அவருக்குப் பத்திரிகையில் எழுத ஒரு பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

காரணம் தெரியாதபோது நாம் ஓர் ஆளைத் தேடுகிறோம். தேடலாம், மனித சுபாவம். ஆனால் நம் கைக்கு அகப்படுகிற ஆள் எப்போதும் நம்மை எதிர்த்துப் பேச முடியாதவராகவே இருக்கிறாரே... அது எப்படி?

இதைப் புதன்கிழமை எழுதுகிறேன். நாளை வியாழன். முதலில் அலமேலுவின் தாய் வீட்டுக்கு. பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு, அவள் சம்மதித்தால், மாமியார் வீட்டுக்கு. ‘நான் வைத்த சந்தனத்தால் வண்டி நின்றது, அதனால்தான் நேரமாயிற்று, உங்கள் மருமகள் மேல் குற்றமில்லை’ என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். பெட்டியைக் கழுவவில்லை. அப்படியே எடுத்துப் போகிறேன். ஒரு தாய்க்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்வதை நினைத்தால், இருபது வருடம் கத்தி பிடித்ததெல்லாம் சுலபமாகத் தெரிகிறது. கேட்டுவிட்டு அவள் என்னை என்ன செய்தாலும் சரி.

மாதையன் ஆள் அனுப்பியிருக்கிறார், தானும் வருவதாக. வண்டியை அவர் ஓட்டினால் நன்றாக இருக்கும். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சற்றுமுன் இறங்கிப் போய் ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேனே — ஸ்டார்ட் ஆகாமல் போனால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி மனம் ஏங்கியது.

கரீம் பாய் கை வைத்த வண்டி. முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.